திரும்பிப் பார்க்காமல் ஒன்றரை கிலோமீட்டர்

கோட்டை, திருவனந்தபுரம்
புதன்கிழமை

சிரஞ்சீவி அனந்தநாராயணனுக்கு அத்திம்பேர் ராமசுப்ரமணியன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பத்மநாபன் தயவில் இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீயும் உன் ஆத்துக்காரியும் எல்லா அளவிலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். 'உடம்பளவில்' என்று நான் எழுதியதை நீ கவனித்திருப்பாய். பாங்கில் வேலை பார்த்தவனாச்சே.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் சமையலறைக்குக் கேட்கும். வாட்ஸப்பில் எழுதினால் மாட்டுப்பெண் மாளவிகா ஏற்படுத்தி வைத்திருக்கும் குடும்பக் குழுவில் போய் விழுந்துவிடுகிறது. போன மாதம் என் வயிற்றுக் கோளாறைப் பற்றி டாக்டருக்கு எழுதியதற்கு ஏழு உறவுக்காரர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆகவே தபால்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா என்னை விட்டுவிட்டுப் போகிறாள். பதறாதே, பக்கத்தில் போனக்காடு என்ற மலைக்குத்தான் போகிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள். ஆனால் நான் இல்லாமல் போகிறாள். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் அவள் நான் இல்லாமல் போன இடம் உன் வீடும் பிரசவ ஆஸ்பத்திரியும்தான். நீ அவளிடம் பேசி என்னையும் அழைத்துப் போகச் சொல்ல வேண்டும். அதற்கான காரணங்களை முதலிலிருந்து விளக்குகிறேன்.

எங்கள் தெருச் சங்கத்துச் செயலாளர் ஸ்ரீகுமார் இந்த மாதம் ஞாயிறுதோறும் 'குடும்ப நடை' என்று ஏற்பாடு செய்திருக்கிறார். கடலோரமும் உண்டு, காடும் உண்டு. குழந்தைகளும் பெரியவர்களும் சிரமமின்றி நடக்கலாம் என்று நோட்டீசில் போட்டிருந்தது. செக்ரட்டேரியட்டில் முப்பத்திரண்டு வருஷம் நோட்டீஸ் எழுதியவன் நான். 'சிரமமின்றி' என்று ஒருவர் மெனக்கெட்டு எழுதினால் உள்ளே எவ்வளவு சிரமம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அதை எடுத்துச் சொல்வதற்குள் உன் அக்கா பேர் கொடுத்துவிட்டாள்.

முதல் நடை சங்குமுகம் கடற்கரையிலிருந்து வேளி வரைக்கும். புறப்பட்ட பத்தாவது நிமிஷம் என் செருப்பு வார் அறுந்தது, சரி போகட்டும் என்று கையில் எடுத்துக்கொண்டு வெயிலுக்குக் குடையை விரித்தால் காற்றில் அது மேல்நோக்கி மலர்ந்துகொண்டது, அதை மடக்கிக்கொண்டே நடந்ததில் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் கயிற்று வரிசைக்குள் போய்விட்டேன், முன்னாலும் ஆள் பின்னாலும் ஆள், "ஸாரே, ஒந்நுகில் வலிக்கு, அல்லெங்கில் மாறு" என்று, ஒன்று இழு அல்லது விலகு என்று ஒருவர் கத்தினார், மாற வழியில்லாததால் இருபது நிமிஷம் வலை இழுத்தேன், கடைசியில் அவர்கள் எனக்குப் பங்கு மீன் கொடுக்க வந்தார்கள், சுத்த சைவம் என்று சொல்லித் தப்பித்தேன். அன்றைக்கு உன் அக்கா சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதுதான் சரி. எனக்குப் பின்னால்தான் சிரித்தாள், கேட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கே போனாலும் நான் முன்னால், அவள் நாலடி பின்னால். கோவிலானாலும் சரி, கிழக்கேகோட்டையில் பஸ் பிடிக்கப் போனாலும் சரி. யாரும் சட்டம் போடவில்லை. கல்யாணத்தன்று அக்னியைச் சுற்றும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அதற்கப்புறம் அதே வரிசைதான், கையை மட்டும் எப்போதோ விட்டுவிட்டேன். முகத்தை முன்பக்கம் வைத்துக்கொண்டே பின்னால் வருபவளிடம் பேசுவது எனக்குப் பழக்கம். அவள் 'ம்' போடுவாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்லாறு. ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் அருவி வரைக்கும் நடை. வழிகாட்டியாக வனத்துறை அனுப்பிய அம்மிணி என்ற அம்மாள், அட்டை கடித்தால் போட ஆளுக்கொரு உப்புப் பொட்டலம் கொடுத்துவிட்டு, யாரும் தன்னைத் தாண்டிப் போகக் கூடாது என்று சொன்னாள். எனக்கு யார் பின்னாலும் நடந்து வழக்கமில்லை, தாண்டிவிட்டேன். நல்ல நிழல், தண்ணீர்ச் சத்தம். பேச்சு தன்னால் வந்தது. என் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசினேன், 'ம்' வந்தது. பிள்ளை ஞாயிறுகளில் போன் செய்யாததைப் பற்றிப் பேசினேன், 'ம்' வந்தது. உன் ஆத்துக்காரி வைக்கும் ரசத்தைப் பற்றியும் ஏதோ சொன்னேன், அது இங்கே தேவையில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, ரிட்டயர் ஆன நாளிலிருந்து மனசுக்குள்ளேயே வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். "எனக்கு முன்னாடி நீ போயிடாதேடி. இத்தனை வருஷமா பின்னாடியே வந்தியோல்லியோ, அதுலயும் அப்படியே வா. நீ இல்லேன்னா அந்த ஆத்துல எனக்கு ஒரு தீப்பெட்டி இருக்கிற இடம் தெரியாது. தீப்பெட்டிக்காக மட்டும் சொல்லலை."

இந்தத் தடவை 'ம்' வரவில்லை. "ஸாரே, இதொக்கெ என்னோடல்ல, சேச்சியோடு பறயணம்" என்று, இதையெல்லாம் ஆத்துக்காரியிடம் சொல்லும்படி ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கையில் கம்போடு அம்மிணி நிற்கிறாள். என்னை நிறுத்தத்தான் ஓடி வந்தாளாம், நான் பேச்சை நிறுத்தாததால் மரியாதைக்கு 'ம்' போட்டுக்கொண்டே வந்தாளாம். "என் ஆத்துக்காரி எங்கே?" என்றேன். "ஒந்நர கிலோமீட்டராயிட்டு ஞானாணு ஸாரின்டெ புறகே" என்றாள், அத்தனை தூரமும் என் பின்னால் வந்தது அவள்தானாம்.

அனந்து, ஒன்றரை கிலோமீட்டர்! வந்த வழியே ஓடினேன், வேரில் தடுக்கி விழுந்தேன், கண்ணாடி எங்கேயோ போயிற்று, உப்பு வேட்டியில் கொட்டிற்று, எதிரே எங்கள் கோஷ்டிக்காரர்கள் வந்தார்கள், என் நிலையைப் பார்த்து எல்லோரும் புன்னகை செய்தார்கள், ஆறுதலுக்கு என்று நினைத்துக்கொண்டேன். "இந்தா!" என்று கத்தினேன், நாலு பெண்கள் திரும்பினார்கள். இத்தனை வருஷமாக அவளை நான் கூப்பிடுவது 'இந்தா'தான். பக்கத்தில் இருப்பவளுக்கு அது போதும், காட்டில் போதவில்லை. வேறு வழியில்லாமல் "நாகலக்ஷ்மீ!" என்று கூப்பிட்டேன். அந்தப் பேரை நான் கடைசியாகச் சொன்னது ரேஷன் கடையில். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவை குரல் உடைந்துபோயிற்று. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வளைவில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து, காலை ஆற்றில் விட்டுக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "என்னன்னா இப்படி மூச்சு வாங்கறது?" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் வேறு ஸீட்டில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை போனக்காட்டு நடைக்கு நான் மட்டும் போறேன். உங்களுக்கு நான்தான் வரணும்னு இல்லை. யாராவது பின்னாடி வந்தாப் போறும்."

ஆகவே நீதான் பேச வேண்டும். அவளுக்கு முட்டிவலி, துணைக்கு ஆள் வேண்டும் என்று நீ சொல்லிப் பார். முட்டிவலி எனக்குத்தான், இருந்தாலும் சொல். நான் திருந்தி வருகிறேன் என்றும் சொல். நேற்று காய்கறி வாங்கப் போகும்போது அவளுக்குப் பக்கத்திலேயே நடந்து பார்த்தேன். சுலபமாக இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, எவ்வளவு மெல்ல நடக்கிறாள் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எதிரே வந்த ஆட்டோவுக்கு ஒதுங்கப் போய் அவள் காலையே மிதித்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம் என்பது ஒரு சௌகரியம்.

சனிக்கிழமைக்குள் போன் செய். நீயும் உன் ஆத்துக்காரியும் தோளோடு தோளாக நடந்து நூறு வயது காண அத்திம்பேரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ராமசுப்ரமணியன்

பி.கு.: அனந்து, இது அக்கா எழுதறது. உன் ஆத்து விலாசம் அத்திம்பேருக்குத் தெரியாது. "சும்மா க்ஷேமம் விசாரிச்சுதான், விலாசம் மட்டும் எழுதிக் குடு"ன்னு கவரை ஒட்டாமலே என்கிட்ட கொண்டுவந்து குடுத்தார். நீ போன் பண்ண வேண்டாம். போனக்காட்டுக்கு எங்க ரெண்டு பேர் பேரையும் திங்கட்கிழமையே ஸ்ரீகுமார்கிட்ட குடுத்தாச்சு. அத்திம்பேர்கிட்ட அதை சனிக்கிழமை சொல்லிக்கறேன், அதுவரைக்கும் பக்கத்துல நடந்து பழகட்டும். இன்னொண்ணு, கல்லாத்துல நான் ஒண்ணும் பின்தங்கிப் போகலை. எப்பதான் திரும்பிப் பாக்கறார்னு தெரிஞ்சுக்கத்தான், எல்லார்கிட்டயும் சொல்லிட்டு அந்தப் பாறைமேல உக்காந்தேன். அவர் முதல் தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதே எனக்கு நன்னாக் கேட்டுது. இன்னும் ரெண்டு தடவை கேக்கலாமேன்னு பேசாம இருந்தேன்.