கோமதிக்கு நான் வைத்த பொட்டு

பம்மலில் ஒரு தோல் கிடங்கின் பின்புறம், தகரக் கூரை போட்டு அச்சகம் தொடங்கியவன் நான். ஐந்தாவதோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உறவு முறிந்தது (தப்பு இரண்டு பக்கமும் இருந்தது). மழை வந்தால் மெஷினுக்குக் குடை பிடிப்போம், நாங்கள் நனைவோம். அந்தத் தகரத்தை மாடிக் கட்டடமாக்கினேன். தண்ணீர் வரவே வராது என்று கம்பு வைத்துப் பார்த்தவரே கைவிட்ட மனையில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன், பத்திரிகை என் பிரஸ்ஸிலேயே. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் என் மை படாமல் ஒரு தாலி ஏறியதில்லை. இவ்வளவு செய்தவனை என் வீட்டில் எதற்காக நினைவு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஒரு பொட்டுக்காக.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில் ராமானுஜம் சார் என்ற ரிட்டயர்டு தலைமையாசிரியர் ‘குட்டி வானம்’ என்று சிறுவர்களுக்கு ஒரு மாத இதழ் நடத்தினார். அச்சு நம்மிடம். அதில் ‘கோமதிக்குள் குடித்தனம்’ என்று ஒரு படக்கதைத் தொடர். எழுதி வரைந்தவர் சேலையூரில் டிராயிங் டீச்சராக இருந்த ஸ்டெல்லா. வேற்றுக் கிரகத்திலிருந்து ‘ழா’ என்று ஒன்று வந்து, ப்ளஸ் ஒன் படிக்கும் கோமதியின் உடம்புக்குள் குடியேறிவிடுகிறது. அட்வான்ஸ் தராத குடித்தனம். நினைத்தபோது கோமதியை உள்ளே தள்ளிவிட்டு, அவள் உடம்போடு எலக்ட்ரிக் டிரெயின் ஏறும், தண்ணீர் லாரி வரிசையில் சண்டை போடும், பசித்தால் சாக்பீஸ் தின்னும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அச்சடிப்பவன் படிக்க ஆரம்பித்தால் பிரஸ் படுத்துவிடும் என்பது என் கொள்கை (எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கு வசதியான கொள்கை). மை சீராக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். பக்கங்களைப் பார்த்துக்கொள்வது ஃபோர்மேன் தயாளன்.

அந்தச் சமயம் இதழ் தள்ளாடிக்கொண்டிருந்தது. இந்த மாதமும் விற்காவிட்டால் தொடரை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கங்களில் விடுகதை போடப்போவதாக ராமானுஜம் சார் சொல்லிவிட்டார். ஸ்டெல்லா உயிரைக் கொடுத்து வரைந்து, கையெல்லாம் கறையோடு பக்கங்களைக் கொண்டுவந்தார்.

“சார், இதைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க. இதோட தொடர் நின்னா நான் இனிமே பிரஷ்ஷையே தொட மாட்டேன்” என்றார்.

என்னிடம் போய்ப் பார்த்துப் போடச் சொல்லலாமா? பார்த்தேன்.

தயாளன் அக்கா பிள்ளைக்கு மொட்டை என்று சிங்கப்பெருமாள் கோவில் போயிருந்தான். நான் தனியாகப் பக்கங்களைப் புரட்டினால், பாதிப் படத்தில் கோமதி நெற்றியில் பொட்டு இல்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஸ்டெல்லா சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண். அவர்கள் வீட்டில் பொட்டு வைக்கும் வழக்கம் கிடையாது, அதனால் வரையும்போது மறந்துவிட்டது. பாவம். அதற்காகக் கோமதி என்று பெயர் வைத்த பெண்ணை வெறும் நெற்றியோடு அனுப்ப முடியுமா? அதுவும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸிலிருந்து?

பிரஷ்ஷை மையில் தோய்த்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு ஆகாது. நின்றபடி, டீ குடித்தபடி, நடுவில் போய் மெஷினுக்கு எண்ணெய் விட்டு வந்தபடி, விட்டுப்போன நெற்றிகளில் எல்லாம் பொட்டு வைத்தேன். ஒன்றுகூடக் கோணல் இல்லை. இன்றைக்கும் சவால் விடுவேன்.

இதழ் கடைகளுக்குப் போன காலையில் தயாளன் திரும்பி வந்தான். பிள்ளையோடு சேர்ந்து அவனும் மொட்டை, மேலே சந்தனம். ஒரு பிரதியைப் புரட்டியவன் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“மொதலாளி, பொட்டு இருந்தா அது கோமதி. இல்லைன்னா ழா. முதல் மாசமே டீச்சர் கதையிலயே சொல்லிட்டாங்க. புள்ளைங்க அதை வெச்சுத்தான் படிக்குது.”

கடைசிப் படத்தைக் காட்டினான். ழாவை அழைத்துப்போக வந்த விண்கலம் போய்விட்டது. கோமதி வீட்டுக்கு வருகிறாள், அம்மா கதவைத் திறக்கிறாள். வசனம் கிடையாது, முகம் மட்டும். அந்த முகத்தில் பொட்டு இல்லாவிட்டால், கலத்தில் போனது கோமதியின் உயிர், அவள் உடம்போடு வீட்டுக்கு வந்தது ழா. அடுத்த மாதம் வாங்காமல் எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வராது. பொட்டு இருந்தால் கோமதி வந்துவிட்டாள், ழா ஒழிந்தது, கதை முடிந்தது, சுபம். நான் வைத்தது சுபம்.

ஸ்கூட்டரை எடுத்தேன். பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஸ்டேஷன் என்று ஒவ்வொரு கடையிலும் இருந்த பிரதிகளை எல்லாம் வாங்கினேன். தங்கை பிள்ளைகளுக்கு என்றேன். “எத்தினி புள்ளைங்க சார் உங்க தங்கச்சிக்கு?” என்று ஒரு கடைக்காரர் கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. காலுக்கு நடுவில் கட்டு, பின்சீட்டில் கட்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரர்கள் எல்லாம் என் பரம்பரையை விசாரித்தார்கள்.

வண்டலூரில் பிந்திவிட்டேன். மிருகக்காட்சி சாலைக்கு எதிர்க் கடையில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பையன்கள் ஏற்கெனவே ஒரு பிரதியை விரித்துவைத்திருந்தார்கள்.

“அவ்ளோதான்டா. கோமதி வந்துட்டா. பொட்டு கீது பாரு” என்றான் ஒருவன்.

மற்றவன் பக்கத்தைப் பின்னால் தள்ளினான். “லூசு, இங்க பாரு. சாக்பீஸ் துன்னுகினு கீது, அப்பவும் பொட்டு கீது. அது ழாடா. பொட்டு வெச்சுக்கக் கத்துக்கிச்சு. இனிமே யாராலயும் கண்டுபுடிக்க முடியாது.”

முதல் பையன் சாக்பீஸ் படத்தை உற்றுப் பார்த்தான். பக்கத்தில் கொய்யா வாங்கிக்கொண்டிருந்த தன் அக்காவின் நெற்றியை நிமிர்ந்து பார்த்தான். ஓர் அடி தள்ளி நின்றான்.

“அக்கா, நீ சாக்பீஸ் துன்னுவியா?”

நான் அங்கேயே வண்டியைத் திருப்பினேன்.

பிரஸ்ஸில் ஸ்டெல்லா காத்திருந்தார். மடியில் இதழ். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“என் கோமதிக்குப் பொட்டு வைக்க நீங்க யாரு சார்?”

வாழ்க்கையில் முதல்முறையாக நான் அசையாமல் நின்றேன். வண்டலூர்ப் பையன் சொன்னதை அப்படியே சொன்னேன். டீச்சர் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு மேஜையில் கிடந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, பேனாவால் ஏதோ வரைய ஆரம்பித்தார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வாரம் முடிவதற்குள் ராமானுஜம் சார் ஓடிவந்தார். எல்லாக் கடையிலும் தீர்ந்துவிட்டதாம், இன்னும் கேட்கிறார்களாம். (பாதி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.) மறு அச்சு போட்டோம். அதுவும் போயிற்று, இந்த முறை நான் தொடாமலே. விடுகதை வரவில்லை, அடுத்த மாதத் தொடரில் ழாவே பொட்டோடு வந்தது. பொட்டு வைத்த ழாவைத் தேடித் தாம்பரத்துப் பிள்ளைகள் பல வருஷம் பெரிய பெண்களின் நெற்றியை முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

வீட்டில் மட்டும் மரியாதை இல்லை. சாம்பாரில் உப்பு குறைகிறது என்று நான் ஒரு சிட்டிகை போட்டால், “ஆச்சா, பொட்டு வெச்சுட்டீங்களா?” என்பாள் என் மனைவி. இப்போது பேரப் பிள்ளைகளும் அதையே சொல்கின்றன.

அது போகட்டும். தொடர் முழுவதையும் இப்போது புத்தகமாகப் போடுகிறார்கள். அட்டையின் மாதிரி வந்திருக்கிறது. ‘கதை, ஓவியம்: ஸ்டெல்லா’. உள்ளே நன்றிப் பக்கத்தில், ‘அச்சகத்தாருக்கு’. யார் அந்த அச்சகத்தார்? கோமதி டீச்சரின் பெண், ழாவும் அவர் பெற்றதுதான், மறுக்கவில்லை. அந்தக் கதையை உயிரோடு வைத்தது என் கை. ஆகவே அட்டையிலேயே மூன்றாவது வரி வேண்டும்: ‘பொட்டு: சபாபதி, பம்மல்’. எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. புத்தகம் அச்சாகப்போவதும் என் பிரஸ்ஸில்தான் என்பதை டீச்சருக்கு மரியாதையோடு நினைவுபடுத்துகிறேன்.