மாமியார் வீட்டுக்கு மூன்று லாரி விறகு

இந்தத் தேர்தலில் ஒரு சட்டத்தையே சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என்று நான் முடிவு செய்தேன்.

நான் வுகோத்தா. மாண்டினீக்ரோவில் ஒரு மலையூர் நகராட்சியின் வண்டிக் கொட்டகைக்கு நான்தான் ராஜா. பிரஜைகள் ஒரு லாரி, ஓர் இருமல் ஜீப்.

போன தேர்தல்வரை கவலையே இல்லை. மேயரின் கட்சிக் கொடியையும் ஊர்க் குப்பையையும் ஒரே லாரியில் ஏற்றுவோம். எது எது என்று யாரும் கேட்டதில்லை. இந்த முறை சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். அரசு வண்டி, அரசு டீசல், அரசு ஊழியரின் வேலை நேரம், எதையும் கட்சிக்காகத் தொடக்கூடாது. முன்பு அபராதத்தோடு போயிற்று. இனி வேலையும் போகும், ஆளும் 'மாமியார் வீட்டுக்கு'ப் போவான். வண்டி எங்கே போனது, எதற்குப் போனது என்ற பயண உத்தரவை வாராவாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டவேண்டும்.

இதைக் கண்காணிக்க மூன்று பேர் குழு. ஒருவர் மருந்துக்கடைக்காரர். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மூன்றாவது பெயரை மட்டும் அறிவிக்கவில்லை. அது தெரியாமல் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"யெல்கா, அந்த மூணாவது ஆள் யாரா இருக்கும்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"சும்மா ஒரு ஆர்வம்தான்."

"ஆர்வம் இருந்தா அந்த முட்டைக்கோஸை நறுக்குங்க. ஊறப்போட பீப்பாய் காத்துக்கிட்டிருக்கு."

நறுக்கினேன்.

மறுநாள் மேயர் ரதூல் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மலையுச்சிப் புல்வெளியில் கட்சிக் கூட்டம். முந்நூறு நாற்காலி மேலே போகவேண்டும். "முடிச்சுக் குடு, வுகோத்தா. குடிநீர் வாரியத் தலைவர் நாற்காலி உனக்குத்தான்" என்றார். பதினெட்டு வருஷமாக டீசல் வாடையில் நின்றே காலம் தள்ளியவன் நான். உட்கார ஒரு நாற்காலி என்றால் விடுவேனா?

ஆனால் பயண உத்தரவில் என்ன எழுதுவது? யோசித்தேன். 'தனியாக வாழும் முதியவருக்குக் குளிர்கால விறகு' என்று எழுதினேன். மலைமேல் தனியாக வாழும் முதியவர் யார்? என் மாமியார் சாவேத்தா. அவர் பெயரையே போட்டேன். அவர் வீடு புல்வெளியை ஒட்டியே இருக்கிறது. மூன்று நடை நாற்காலி, காகிதத்தில் மூன்று லாரி விறகு. வெளியே விறகு, உள்ளே விரகு! என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளை மேலே கொண்டுபோய் இறக்கினேன். திங்கட்கிழமை உத்தரவைப் போர்டில் ஒட்டினேன். ஊரே கூடித் தொடர்கதை மாதிரி படித்தது. சாயங்காலம் யெல்கா கேட்காமலே காபி கொடுத்தாள். கூடவே புகையில் வாட்டிய பன்றித்தொடை, மெல்லிசாக நறுக்கி. இன்றைக்கு என்ன விசேஷம் என்று காலண்டரைப் பார்த்தேன்.

"நோட்டீஸ் போர்டைப் படிச்சேங்க. எங்கம்மாவுக்கு மூணு லாரி விறகா! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல ஒரு சுள்ளி பொறுக்கிப் போட்டிருப்பீங்களா? உங்களைப் போய் தப்பா நினைச்சுட்டேனே!"

"என்னமோ, நம்மால ஆனது" என்றேன் அடக்கமாக.

"என்ன மரம்?"

"மரமா? வந்து... ஓக்."

"அப்படியா! அம்மாகிட்ட போன்ல கேட்டேன். நாலு கால், ஒரு முதுகு இருக்கற ஓக்காம். வெள்ளையா இருக்காம். முந்நூறு இறங்குச்சாம். அடுப்புல வச்சா பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குமான்னு கேக்கறாங்க."

காபி மூக்கு வழியாக வந்தது.

"யெல்கா, வெளியே சொல்லிடாதே. என் வேலையே போயிடும்!"

"நான் எதுக்கு வெளியே சொல்றேன்? குழு வியாழக்கிழமை அம்மா வீட்டுக்கு விறகைப் பாக்க வருதாம்."

"ஐயையோ!"

"ஐயையோன்னா விறகு முளைக்குமா? போர்டுல எழுதினது அங்க இருக்கணும்."

"லாரியில ஏத்தினா இன்னொரு உத்தரவு ஒட்டணுமே!"

"பக்கத்து வீட்டுல குதிரை வண்டி இருக்கு."

"மூணு லாரி விறகு குதிரை வண்டிக்கு எத்தனை நடை?"

"அதுலயும் ஆர்வமா? ஏத்தி இறக்குங்க, தெரிஞ்சுடும்."

தெரிந்தது. முப்பத்தொன்று. எங்கள் வீட்டு விறகு போதாமல் தம்பியிடம் கெஞ்சி வாங்கினேன். செவ்வாயும் புதனும் லீவு போட்டுச் சுமந்தேன், பிளந்தேன், அடுக்கினேன். ஏற்றத்தில் குதிரை நின்றுவிடும், நான்தான் தள்ளினேன். என் இடுப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே சந்தேகம். மாமியார் ஒரு வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, அந்த வரிசை கோணலா இருக்கே" என்றார். கலைத்து மறுபடி அடுக்கினேன்.

வியாழக்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்தார். தபால்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு யெல்காவும் வந்தாள். எனக்குத் துணையாக வந்திருக்கிறாள் என்று நெகிழ்ந்துபோனேன்.

"மூணாவது ஆள் எங்கே?" என்று அவள் காதில் கேட்டேன்.

யெல்கா கைப்பையைத் திறந்தாள். ஒரு பேட்ஜை எடுத்துக் கோட்டில் குத்திக்கொண்டாள்.

"வந்தாச்சுங்க" என்றாள். பிறகு குரலை மாற்றி, "இந்த விறகு எதுல வந்தது?"

"குதிரை வண்டியில" என்று உளறிவிட்டேன்.

"அப்போ ஞாயித்துக்கிழமை லாரியில எது வந்தது?"

என் மாமியார் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் மேயர் கட்சியின் சின்னம் பளபளத்தது.

"இதுதாம்மா!"

மேயருக்குப் போன் போட்டேன். "வுகோத்தாவா? எந்த வுகோத்தா?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு யெல்கா என்னை விறகு சுமக்க விட்டே?"

"எங்கம்மாவுக்கு மூணு லாரின்னு ஊருக்கே எழுதி ஒட்டினீங்க. அம்மாவை ஏமாத்தலாமா?" என்றாள். "இனிமே உங்க கேஸை நான் தொடக்கூடாது. தலைநகர்லேர்ந்து ஆள் வந்து விசாரிப்பாங்க. அதுவரைக்கும் நாம ஒரே வீட்டுல இருந்தா ஊர் ஒண்ணு சொல்லும். உங்க துணிமணி இந்தப் பையில இருக்கு. அம்மாவுக்கும் மீதி விறகைப் பிளக்க ஆள் வேணும்."

விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. ஆனாலும் இதை நான் மாமியார் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.