இருபத்துநாலு கேள்வியோடு போன தூதர்

எனக்குப் பெண் பார்க்க நான் போகாமல் இன்னொருவரை அனுப்பியவன் நான். முட்டாள்தனத்தை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், நீங்கள் கடிதம் எழுதிச் சிரமப்படத் தேவையில்லை. நான் அனுப்பிய ஆளும் லேசுப்பட்ட ஆளில்லை. யுத்த காலத்து மன்னார்த் தீவில் சொந்தமாக ஒரு வெளிநாட்டுக் கொள்கை வைத்திருந்த ஒரேயொரு மனிதர் அவர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்து வரவுப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அது பாவனையில் இருக்கவில்லை. எல்லோருக்கும் அவர் 'ஏழாமவர்'. அவர் சரித்திரம் படிப்பித்தார், நான் கணக்கு. பள்ளிமுனையில் மரியாக்கா வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தோம்.

பெரியமடுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தபோது, அவசரத்தில் அலுமாரிக்குள் கையை விட்டு அகப்பட்ட இரண்டு புத்தகங்களை இழுத்துக்கொண்டு வந்தாராம். தீவுக்கு வரும் பாலம் தாண்டி மூச்சு வாங்கிப் பார்த்தால், ஒன்று இங்கிலாந்தை ஆண்ட ஏழாம் ஹென்றியின் இராசதந்திரம் பற்றியது. மற்றது அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி. வேறு புத்தகம் கிடைக்காத அந்த வருடங்களில் முதலாவதை முடித்ததும் இரண்டாவதைத் தொடங்குவார்.

அந்த ராசாவின் பெருமை என்னவென்றால், அவருக்குச் சண்டையில் பெரிய பிரியமில்லை. படையோடு கடல் தாண்டிப் பிரான்சுக்குப் போனார். கொஞ்ச நாளில் ஒப்பந்தத்தோடு திரும்பிவிட்டார். ஸ்கொட்லாந்து தொல்லை தந்தது. அந்த நாட்டு ராசாவுக்கு மகளைக் கட்டிக் கொடுத்தார். ஸ்பெயின் பெரிய இடம். மகனுக்கு அங்கே பெண் எடுத்தார்.

"சம்பந்தம், மாஸ்டர், சம்பந்தம்! வெடி தீர்க்கிறவன் எல்லாம் ராசாவோ?" என்று ஓடுகிற பஸ்ஸில் உரத்துக் கேட்பார். அதுவும் படையினர் காவல் நிற்கும் சென்றியைக் கடக்கிற நேரம் பார்த்து. நாங்கள் எல்லோரும் யன்னலால் கடலைப் பார்ப்போம்.

ஷெல் விழத் தொடங்கினால் அயல்சனம் முழுவதும் மரியாக்கா வளவுப் பங்கருக்குள் இறங்கும். ஏழாமவர் புத்தகத்தோடு இறங்குவார். மூன்றாவது ஒப்பந்தம் முடிவதற்குள் இரண்டு பேராவது, "வெளியில அவ்வளவு மோசமில்லைப் போல," என்று மேலே ஏறிவிடுவார்கள்.

கொள்கையை உள்ளூரிலும் நடைமுறைப்படுத்தினார். பக்கத்து வீட்டு நைனாக் காக்காவின் கழுதை தினமும் வேலி பிரித்து வந்து மரியாக்காவின் மரவள்ளியைத் தின்றது. தின்னும்போது அது ஊர்க் கழுதை. விறகு சுமக்கும்போதுதான் காக்காவின் கழுதை. மரியாக்காவும் காக்காவும் வேலிக்கு இருபுறமும் நின்று பேசியதை இந்தப் பத்திரிகை அச்சிடாது. ஏழாமவர் தலையிட்டார். இரு தரப்புக்கும் தேத்தண்ணி கொடுத்து, பதினொரு பிரிவுகளோடு 'நிரந்தர சமாதான உடன்படிக்கை' எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். கழுதை கையெழுத்துப் போடவில்லை. அடுத்த நாள் மத்தியானம் அது வழக்கம்போல வந்தது.

"ஸ்கொட்லாந்து ஒப்பந்தமும் கடைசியில முறிஞ்சதுதான்," என்றார் ஏழாமவர், மனம் தளராமல்.

இந்த மனிதரைத்தான் நான் அனுப்பினேன்.

மரியாக்காவின் தங்கைக்கு, பாலத்துக்கு அப்பால் உயிலங்குளத்தில், மெற்றில்டா என்றொரு மகள். கூட்டுறவுக் கடையில் வேலை. கோயில் திருநாளில் ஒருமுறை கண்டிருக்கிறேன். அவள் பாட்டுக் கோஷ்டியில் நின்றாள். நான் பாட்டை மறந்து நின்றேன். மரியாக்காதான் பேச்சை எடுத்தார். பெண் வீட்டார், ஆள் வந்து பார்க்கட்டும் என்றார்கள். இன்னொரு வரனும் வந்திருக்கிறதாம், இந்த மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

அந்த வாரம்தான் என் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் விட்டுச் சட்டையைத் தோய்த்தேன். பேர் தப்பிவிட்டது, முகம் போய்விட்டது. நட்டம் பெரிதில்லை என்று மரியாக்கா சொன்னாலும், முகமில்லாத ஆளைப் பாலம் தாண்ட விடமாட்டார்கள். புது அட்டைக்கு அரசாங்கக் கச்சேரியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"நான் போறன். பரீட்சைத் தாள் கொண்டு போக எனக்குப் பாஸ் இருக்கு," என்றார் ஏழாமவர். "ராசா தானே போய்ப் பொம்பிளை பாக்கிற வழக்கம் இல்லை. தூதர்தான் போறது."

ராணி காலமான பிறகு ஏழாம் ஹென்றி நேப்பிள்ஸ் தேசத்து இளம் ராணியைக் கட்ட யோசித்தாராம். பார்த்து வர அனுப்பிய தூதர்களிடம் இருபத்துநாலு கேள்விகள் எழுதிக் கொடுத்தாராம். ஏழாமவர் அவற்றை ஒரு கொப்பித் தாளில் தமிழாக்கினார். உயரம் எவ்வளவு, அதில் செருப்பு எவ்வளவு? பல்லு எப்படி? மேலுதட்டில் மயிர் உண்டா? சாப்பிட முன்னம் கிட்டப் போய்ப் பேசி, மூச்சு எப்படி என்று அறிக. இப்படிப் போனது.

சைக்கிளில் ஏறும்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மாஸ்டர், எல்லா விடையும் வந்த பிறகு ராசா அந்தப் பொம்பிளையைக் கட்டினவரோ?"

"இல்லை," என்றுவிட்டு மிதித்துப் போனார்.

பாலம் தாண்டிய சென்றியில் பரீட்சைத் தாளை விட்டுவிட்டுக் கொப்பித் தாளைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு படைவீரர், சென்றிக்குப் பொறுப்பான பெரியவருக்கு வாசித்துக் காட்டினார். உயரம், மூக்கு, கழுத்து, விரல் என்று வரவரப் பெரியவரின் முகம் இறுகியது.

"மாஸ்டர், இது ஆரு பொம்பளை? எங்க ஒளிச்சிருக்கு?"

"ஒளிச்சிருக்கேல்லை. இது ஹென்றியின்ர கேள்வி."

"ஹென்றி எங்க?"

"செத்துப்போனார். ஏழாம் ஹென்றி."

படைவீரர் அதைச் சிங்களத்தில் சொன்னார். பெரியவர் எழுந்து நின்றார்.

"ஏழா? மிச்சம் ஆறு பேர் எங்க?"

இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. ஏழாமவருக்கு அது தண்டனையாகவே படவில்லை. அவர் சொல்வதை எழுந்து போகாமல் கடைசி வரை கேட்ட முதல் சபை அதுதான். முடிவில் பெரியவர் தேத்தண்ணி கொடுத்து, அந்தத் தாளைப் பார்த்து ஒரு பிரதி எழுதுவித்துக்கொண்டாராம். அவருக்கும் ஊரில் பெண் பார்க்கிறார்களாம்.

உயிலங்குளத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் இரண்டு மணி. வாசலில் நின்றபடியே அவர் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை சாப்பிட்டிட்டுதோ?"

"உங்களுக்காகத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம், வாங்கோ மாஸ்டர், சாப்பிடுவம்."

"நான் சாப்பிடுறன். பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ."

தாய்க்காரி அகப்பையோடு நின்றுவிட்டார். மெற்றில்டா நேரே வந்து, அவர் கையிலிருந்த தாளை வாங்கி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுவதுபோல் எழுதத் தொடங்கினாள். மேலுதட்டு மயிருக்கு எதிரே, 'தூதரை விடக் குறைவு.' மூச்சுக்கு எதிரே, 'பசியில் இருக்கிறவளுக்குக் கிட்ட வராமல் இருப்பது நல்லது.' இருபத்துநாலையும் முடித்துத் தாளைத் திருப்பினாள்.

"இப்ப நான் கேக்கிறன் மாஸ்டர். அதே கேள்வியள். அவருக்கு."

இங்கேதான் என் வாழ்க்கை தொங்கியது. எந்தத் தூதரும் இந்த இடத்தில் தன் ராசாவைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லியிருப்பார்.

"உயரம்?"

"என்ர தோளளவு. செருப்போட."

"பல்லு?"

"முன்பல்லு ஒண்டு உடைஞ்சது. வாயை மூடினால் தெரியாது. மூடுறதில்லை."

"மூச்சு?"

"பகலில பரவாயில்லை. படுத்தால் குறட்டை. ஷெல் எண்டு நினைச்சு நாங்கள் ரெண்டு தரம் பங்கருக்குள்ள இறங்கியிருக்கிறம்."

"தலைமயிர்?"

"முன்பக்கத்தால பின்வாங்கிக்கொண்டிருக்கு."

இதையெல்லாம் அன்று பின்னேரமே மரியாக்கா வீட்டு விறாந்தையில் இருந்து, ஒரு சொல் விடாமல் எனக்கு அறிக்கையாக வாசித்தார். நான் வெளியில் நிற்கும் கழுதையைப் பார்த்தேன். கொடுத்துவைத்த பிராணி.

"தம்பி, நீங்கள் இவரைத் தூது அனுப்பினனீங்களோ, கோள் சொல்ல அனுப்பினனீங்களோ?" என்றார் மரியாக்கா.

நாலு நாள் அவரோடு நான் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்புக்கூட மரியாக்கா மூலம்தான் கேட்டேன். ராசதந்திர உறவு முறிந்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மிகுந்த மரியாதையோடு உப்பைத் தள்ளிவைத்தார். மற்ற வரன் கொழும்பில் வேலையாம், முழுப் பல்லாம் என்று கேள்விப்பட்டு நான் வாயை மூடப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள், பாலம் தாண்டி வந்த கன்னியாஸ்திரி ஒருவர் கையில் கடிதம் வந்தது. இரண்டே வரி. 'அந்த மாஸ்டர் சொன்னது எல்லாம் உண்மையோ? உண்மையெண்டால் வாங்கோ.'

புது அட்டை கிடைத்த அன்றே வெளிக்கிட்டேன். அதிலிருந்த படத்தைப் பார்த்தால், முகமில்லாத பழைய அட்டையே மேல். ஏழாமவரும் வந்தார். நான் கேட்கவில்லை, அவராக வந்தார். சென்றியில் நீண்ட வரிசை, நல்ல வெயில். என் பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். அவருடைய நிழலில் நான் நின்றேன். அந்த உயரத்துக்கு நிழல் தாராளம்.

சந்தோசமாக இருந்தாலும் மனதில் ஒரு முள் இருந்தது. கேட்டுவிட்டேன்.

"எண்டாலும் மாஸ்டர், எனக்காக ஒரேயொரு பொய் சொல்லியிருக்கலாம்தானே?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொய் சொன்னால், அந்தப் பிள்ளை கட்டுறது உங்களையோ?"