ஆக்டினை அளந்த குற்றம்

அறிவியலைக் கட்டிக்காத்தவர்களுக்குச் சிலை வைப்பதென்றால், முதல் சிலை வளர்ச்சி உயிரியல் துறைத் தலைவருக்குத்தான். ஓர் உண்மை ஆய்வுக்கூடத்துக்குள் நுழையப் பார்த்தபோது, வாசலிலேயே மறித்த மாவீரர் அவர்.

அத்துமீறியவள், 'வாயாடி' என்று துறை அன்போடு அழைத்த ஆய்வு மாணவி. குடும்பத்தின் முதல் பட்டதாரி; யார் முன்னால் எதைப் பேசக்கூடாது என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. உப்புநீர் இறாலின் காய்ந்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சு வளர வளர எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பது அவள் ஆய்வு. எந்த மரபணுவையும், தசைப் புரதமான ஆக்டினின் மரபணுவோடு ஒப்பிட்டே அளப்பது துறையின் மரபு. ஆக்டின் ஏறாது, இறங்காது என்பது அங்கே 'நிறுவப்பட்ட கொள்கை'. நிறுவியவர் தலைவர்.

வாயாடி அந்த ஆக்டினையே அளந்து தொலைத்தாள். குஞ்சுக்கு நீந்தும் தசை வளர வளர, அது கிடுகிடுவென்று ஏறியது.

அவசரக் கூட்டம் கூடியது.

"ஸ்கேலையே அளந்து பாக்கச் சொல்லி உன்னை யாரும்மா கேட்டா?" என்றார் தலைவர்.

"ஸ்கேலே நீளுது சார். அதை வெச்சு அளந்ததெல்லாம் தப்பாத்தானே இருக்கும்?"

"எல்லாம்னா?"

"உங்க பேப்பர் எல்லாம்."

தேநீர்க் கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு இறங்கின. ஆமாஞ்சாமி என்று பெயரெடுத்த துணைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "எறாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும் சார்."

"நல்லா நீந்துச்சு சார்."

"அதைத்தாம்மா சொல்றேன். ஓவரா நீந்துது. வளர்ப்பு சரியில்ல."

தலைவர் கனிந்தார். "அம்மாடி, தீசிஸ்ல என் கையெழுத்து வேணுமா, வேணாமா? வளர்ற கட்டத்தை மட்டும் அதுலேருந்து எடுத்துடு. முட்டையோட நிறுத்திக்க. முட்டையில ஆக்டின் தங்கமா இருக்கு."

"அதுல ஒண்ணுமே நடக்கலையே சார், காஞ்சு கெடக்கு!"

"அதுக்குப் பேருதான் நிதானம்."

யோசிக்க வெளியே அனுப்பினார்கள். அம்மாவின் அழைப்பு வந்தது.

"கையெழுத்து போட்டாங்களாடி?"

"எறா வளந்துடுச்சாம்மா. அதனால போட மாட்டாங்களாம்."

"அதை வளக்கத்தானேடி நீ போன?"

வாயாடி கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். "எடுக்க மாட்டேன் சார். நீந்துனது நீந்துனதுதான்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வளர்ந்த குற்றத்துக்காக இறாலும், அதை வளர்த்த குற்றத்துக்காக மாணவியும் துறையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பொய்யை வளர்த்தவருக்குப் பணி நீட்டிப்பு வழங்கப்பட்டது.