தாம்பாளத்துக்கு அடியில் ஒரு ஹார்ட்டு

என் அக்காவுக்கு வந்த நல்ல வரனை இரண்டு லேசரால் சுட்டவன் நான். ஒன்று நீலம், இன்னொன்று இன்ஃப்ராரெட். இதை வெளியே சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அல்லிநகரத்தில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும், மீதிப் பேருக்கு அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானே சொன்னால் கொஞ்சமாவது எனக்குச் சாதகமாக இருக்கும் (இருக்காது).

மெக்கானிக்கல் முடித்துவிட்டு, வீட்டு முன்னறையில் 'மின்னல் வெட்டு' என்று போர்டு மாட்டி உட்கார்ந்த புதிது. கடையில் இருந்தது ஒரே ஒரு மெஷின். ஆனால் அதற்குள் இரண்டு லேசர். நீல லேசர் மரம், தோல், அட்டையைச் சுட்டு எழுதும். பளபளக்கும் பித்தளை, எவர்சில்வர் என்றால் அது பல்லிளித்துவிடும்; அங்கே இன்ஃப்ராரெட் இறங்கும். மரமும் உலோகமும் சேர்ந்த பொருளா? ஒரு கிளிக், லேசர் மாறிவிடும். இதைத் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி விளக்குவேன். அப்பா மட்டும், "சொம்புக்குப் பேர் வெட்டவா நாலு வருசம் காலேஜுக்குப் போன?" என்பார்.

மெஷினோடு ஒரு மேனுவலும் வந்தது. குண்டுப் புத்தகம். மேனுவல் படிப்பதெல்லாம் பயந்தாங்கொள்ளி வேலை என்று, ஆடிக்கொண்டிருந்த டேபிள் காலுக்கு அடியில் அதைச் சொருகிவிட்டேன். டேபிள் ஆடவில்லை. அந்த அளவில் அது உபயோகமான புத்தகம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கையன்கோட்டையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பெயர் கார்த்தி. கம்பத்துத் திராட்சையைக் கேரளாவுக்கு அனுப்புகிற வியாபாரம். காலையிலேயே அக்கா கையில் சீப்போடு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏலே, இவரு கூட ரெண்டு வாட்டி போன்ல பேசிட்டேன். எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னைக்கு நீ வாயையும் தெறக்காத, மெஷினையும் தெறக்காத. கெஞ்சிக் கேக்குறேன்."

வினோதினி அக்கா என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. வழக்கமாக நேராக அடிதான். மனசு இளகித் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். (அவள் தலையில். என் தலை மேல் எனக்கு ஆசை உண்டு.)

சரியாக அரை மணி நேரம் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

வந்தவர்கள் மூன்று பேர்: மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. அந்த அம்மா பூவும் பழமும் ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அருமையான தாம்பாளம். சுற்றி மஞ்சமஞ்சேளென்று பலா மரச் சட்டம், நடுவில் வட்டமாகப் பித்தளைத் தகடு. எங்கள் அம்மா பூவையும் பழத்தையும் உள்ளே எடுத்துக்கொண்டு, காலித் தட்டை என் கடை டேபிளில் வைத்துவிட்டுப் போனாள். அடுப்படியில் இடமில்லையாம்.

மாப்பிள்ளையின் அப்பா ஜமுக்காளத்தில் உட்கார்ந்தபடியே கடைக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி என்ன, வெல்டிங் பட்டறையா?"

வெல்டிங்! ரத்தம் கொதித்தது.

"லேசர், மாமா! செத்த இருங்க, காட்டுறேன்."

அடுப்படி வாசலில் நின்ற அக்கா முறைத்த முறையில் ஒரு தேங்காய் உடைந்திருக்கும். நான் பார்க்காத மாதிரி உள்ளே போனேன்.

என் திட்டம் இதுதான். கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு அக்ரிலிக் ஷீட். நடுவில் 'வினோதினி', ஒரு ஹார்ட்டு, 'கார்த்தி'. ஓரத்தில் சின்னதாக என் கடைப் பெயரும் போன் நம்பரும் (விளம்பரம் முக்கியம்). சம்மதம் என்று யாருமே இன்னும் சொல்லவில்லை என்பதோ, "வீட்டுக்குப் போயிப் பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்புவதுதான் வழக்கம் என்பதோ என் புத்தியில் ஏறவில்லை.

ஷீட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால்தான் லேசர் சரியாகக் குவியும். அடியில் வைக்கத் தட்டையாக ஏதாவது வேண்டும். பக்கத்தில் அந்தத் தாம்பாளம். கவிழ்த்து வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. கடவுளே எனக்குத் துணை நிற்கிறார் என்று நினைத்தேன்.

நீல லேசரை ஓட்டினேன். மெஷின் மூடியில் பச்சைக் கண்ணாடி, என் முகத்தில் பச்சைக் கண்ணாடி. பாசி பிடித்த கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது. ஷீட்டில் ஒரு கோடு விழவில்லை. ஆனால் கருகல் வாசம் மட்டும் வந்தது.

"எம்மா, வடை கருகுது!"

"இன்னும் எண்ணெய்ச் சட்டியே வைக்கலடா!"

"அப்ப பக்கத்து வீட்டுல!"

நீலத்துக்கு மசியாத ஷீட்டா? இருக்கவே இருக்கிறது இன்ஃப்ராரெட். பவரை ஏற்றி இன்னொரு ஓட்டு. கடைசியில் மூடியைத் திறந்து ஷீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், பிறந்த குழந்தை மாதிரி வெள்ளந்தியாக இருந்தது. நான் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பின்னால் வந்து, "தட்டை எங்கடா கொண்டாந்து வச்சிருக்க!" என்று என்னை முறைத்தபடியே தாம்பாளத்தைப் பிடுங்கி நிமிர்த்தி எடுத்துப் போனாள். வந்தவர்கள் தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது அல்லவா? தேங்காய், வெற்றிலை, ஒரு சீப்பு நாட்டுப்பழம் எல்லாம் வைத்துக் கொடுத்தாள்.

"சரி, வீட்டுக்குப் போயிப் பேசிட்டுச் சொல்றோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். மற்ற எல்லோரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய தலையும் மெதுவாக மேலே நிமிர்ந்தது.

மாப்பிள்ளையின் அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, தட்டுக்கு அடியில் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "வினோதினி... ஹார்ட்டு... கார்த்தி. மின்னல் வெட்டு. தொடர்புக்கு..." நம்பரையும் விடவில்லை.

(தெளிவான அக்ரிலிக்கை அந்த இரண்டு ஒளியும் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டுகிற வெயில் மாதிரி தாண்டிப் போய்விடும், அடியில் கறுப்புத் தாள் வை, மேலே கறுப்புப் பெயின்ட் பூசு என்று மேனுவலில் போட்டிருக்கிறது. டேபிள் காலைத் தூக்கி அன்று சாயங்காலம்தான் அந்தப் பக்கத்தைப் படித்தேன்; படித்ததும் புத்தகத்தைப் பழைய இடத்திலேயே சொருகிவிட்டேன்.) மரச் சட்டத்தில் நீலம் என் விளம்பரத்தைச் சுட்டிருந்தது. பித்தளையில் இன்ஃப்ராரெட் ஜோடிப் பெயரை இறக்கியிருந்தது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமான வேலை அதுவரை வந்ததில்லை.

அப்பா எழுந்து நின்றார். அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. ஒரே ஒரு விஷயம் கேட்டாள், பாவி நான் அதையும் கெடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பழத்தை எல்லாம் இறக்கிவைத்து, தட்டைக் கவிழ்த்து, முந்தானையால் அழுத்தித் தேய்த்தார்.

"இது அழியுமா தம்பி?"

"அழியவே அழியாதுங்க. ஆயுசு கேரண்டி!" வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அப்ப இதத் தூக்கிக்கிட்டு இனி வேற எந்தப் பொண்ணு வீட்டுக்கும் போக முடியாதுல்ல."

மாப்பிள்ளை ஜமுக்காளத்தைப் பார்த்தபடி, "போகணும்னு யாரும்மா கேட்டா?" என்றார்.

அந்த அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தா சொல்ற?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள் (கொலை அப்புறம் இருக்கிறது என்று அர்த்தம்). பிறகு தட்டைப் பார்த்தாள்.

"தட்டு இங்கனயே இருக்கட்டும் அத்தை."

அத்தை! அந்த ஒரு சொல்லுக்கு மாப்பிள்ளையின் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த அத்தை, நாங்கள் உள்ளே எடுத்துவைத்த பூவைத் திரும்பக் கேட்டு வாங்கி, அக்கா தலையில் வைத்துவிட்டார். அதன் பிறகுதான் அம்மா நிஜமாகவே எண்ணெய்ச் சட்டி வைத்தாள்.

தை மாதம் கல்யாணம். விசேஷத்துக்கு விசேஷம் அந்தத் தாம்பாளம் கிளம்பிவிடும். சொந்தக்காரர்கள் தட்டில் என்ன சீர் இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, குனிந்து அடியில் பார்க்கிறார்கள். ஆண்டிபட்டியிலிருந்து ஒருவர் போன் போட்டு, "தட்டுக்கடியில அடிக்கிற கடைதானே? எங்க மக கல்யாணத்துக்கு அதே மாதிரி வேணும், ஹார்ட்டோட" என்றார். இப்போது அதுதான் என் கடையின் முக்கிய ஐட்டம். போர்டில் மின்னல் வெட்டு என்று இருக்கிறது, ஊருக்குள் பெயர் தாம்பாளக் கடை.

போன வாரம் அக்காவும் கார்த்தி மாமாவும் வந்தார்கள். எனக்குப் பெண் தேடப் போகிறார்களாம். அக்கா கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரை மணி நேரம் கழித்து ஒரு புதுத் தாம்பாளத்தோடு வெளியே வந்தாள். பித்தளையில் என் பெயர், பக்கத்தில் ஹார்ட்டு, அதற்குப் பக்கத்தில் காலி இடம்.

"பொண்ணு வீட்டுல சரின்னு சொல்லட்டும், மிச்சத்தை அங்கனயே அடிச்சுக்கலாம்" என்றாள்.

எழுத்து ஒவ்வொன்றும் அச்சு மாதிரி இருந்தது. எப்படி என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன், உள்ளே டேபிள் ஆடிக்கொண்டிருந்தது.