சாம்பிராணி குடித்த கணினி

பாரிஸ் லாச்சப்பலில் கணினிகள் பழுதாவதே இல்லை, அவற்றின் சொந்தக்காரர்கள்தான் பழுதாகிறார்கள் என்பது தூசி அண்ணையின் அசைக்க முடியாத முடிவு. எந்தக் கடைக்குத் திருத்த வந்தாலும் முதலில் பத்ரோனை, அதாவது கடை முதலாளியைத்தான் அப்புறப்படுத்துவார்.

"பத்ரோன் பக்கத்திலை நிண்டா மெஷின் பயப்படும். வெளியிலை போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்."

போவோம். திரும்பி வரும்போது கணினி வேலை செய்யும். என்ன பழுது என்று கேட்டால், "தூசி" என்பார். இணையம் வரவில்லையா, தூசி. பில் அச்சாகவில்லையா, தூசி. ரூ காய் தெருவில் ஒரு நகைக்கடைக்காரர் கடவுச்சொல்லை மறந்ததற்கும் அதையே சொன்னதாகக் கேள்வி. அண்ணையின் சொந்தப் பெயரை நாங்கள் விசாரிக்கவே இல்லை.

அப்போது நான் ரூ பெர்தொனே தெருவில் வீடியோக் கடை வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்த கையோடு கணினி இருண்டு போனது. உள்ளே பூப்பெய்திய ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டு வீடியோ முழுவதும் இருந்தது. வேறு பிரதி கிடையாது. பிள்ளையின் தாய் பின்னேரம் வந்து வாங்குவதாக ஏற்பாடு. கல்யாணமென்றால் மாப்பிள்ளையைக் கெஞ்சி மறுபடி தாலி கட்டச் சொல்லலாம். பிள்ளையை மறுபடி பெரியபிள்ளை ஆகச் சொல்ல முடியுமா? உடனே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அண்ணை வந்து பெட்டியைக் கழற்றி மோந்து பார்த்தார். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதுக்குச் சாம்பிராணி காட்டுறனீரோ?"

"ஓம் அண்ணை. வெள்ளிக்கிழமையிலை கல்லாவுக்குக் காட்டேக்கை இதுக்கும் காட்டுறனான். இதுவும் எங்களுக்கு உழைக்குதுதானே."

விசிறி முழுவதும் புகையும் திருநீறும் சேர்ந்து அடை தட்டியிருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணை சொல்லும் காரணம் உண்மையாகிவிட்டது. பெருமைப்படுவார் என்று பார்த்தால் முகம் வாடிவிட்டது. இந்தச் சூட்டில் வீடியோ இருக்கிற டிஸ்க்கும் போயிருக்கலாம் என்று மெல்லச் சொன்னார். தூரிகை ஒன்றை வாங்கி, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல விசிறியைத் துடைத்தார். நான் வழக்கம்போல வாசலை நோக்கி நடந்தேன்.

"இண்டைக்குப் போக வேண்டாம் தம்பி," என்றார். "பக்கத்திலை நில்லும். எனக்குப் பயமாக் கிடக்கு."

நின்றேன். பொத்தானை அழுத்தினார். திரை நெடுநேரம் யோசித்தது. கடைசியில் வீடியோ ஓடியது. ஆலத்தித் தட்டுகளுக்கு நடுவே அந்தப் பிள்ளை சிரித்தாள். அண்ணை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார்.

அண்ணை இப்போது இல்லை. கணினி பழுதானால் புறநகர் லெ பிளாங்-மெனிலில் இருந்தபடியே ஒருவர் இணையம் வழியாகத் திருத்திவிடுகிறார். அவர் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. ஆனாலும் நான் கதிரையை விட்டு எழும்பித் தேநீர் குடிக்கப் போய்விடுகிறேன். அண்ணை வந்து இருக்க இடம் வேண்டுமே.