மச்சானுக்கு இடமில்லாத வாங்கு

மச்சான் படுக்க இடமே இல்லாத வீடாகத் தன் வீட்டை மாற்றிவிடுவது என்று திங்கட்கிழமை காலையே ராகுலன் முடிவெடுத்துவிட்டான்.

மனைவி நிலாணியின் தம்பி மிதுனனுக்கு, இவர்கள் இருக்கும் கனடா ஸ்காபரோவில் வேலை கிடைத்திருந்தது. ஒஷாவாவிலிருந்து சனிக்கிழமை வருகிறானாம். "ரெண்டு நாளைக்குத்தான் அத்தான்," என்றான் போனில். போனமுறையும் ரெண்டு நாள்தான். பனி கொட்டும்போது வந்தவன், பனி உருகித்தான் போனான். அதுவரை விரிக்கிற சோபாவும் டிவி ரிமோட்டும் அவனோடு குடும்பம் நடத்தின.

செவ்வாய்க்கிழமை சோபா மல்வேர்னுக்கு, ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டது.

"இனி எதிலையப்பா இருக்கிறது?" இடுப்பில் பிள்ளையோடு நிலாணி கேட்டாள்.

"சோபாவிலை இருந்து என்ரை முதுகு போச்சுது. எனக்கு இனி மரம்தான் நல்லது. நல்ல இறுக்கமான மரம்."

"அப்பிடியோ. பக்கத்துவீட்டு மிஸிஸ் டோலன் தன்ரை மரவாங்கைக் குடுக்கப்போறாவாம். கேக்கட்டோ?"

ராகுலனுக்குச் சிரிப்பு வாய்க்குள் நிற்கவில்லை.

மிஸிஸ் டோலனின் தகப்பன் அயர்லாந்துக் கிராமத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த, முதுகு சாயும் நீள இருக்கை வாங்கு அது. நிலம்வரை பலகை அடைத்து, பெட்டிபோல் கனத்துக் கிடந்தது. பத்து நிமிடம் இருந்தால் எவனும் ஒஷாவா பஸ்ஸைத் தேடுவான். ராகுலன் அதில் ராசாமாதிரி இருந்து தேத்தண்ணி குடித்தான். பின்பக்கம் நொந்தது. வெற்றி என்றால் கொஞ்சம் நோகத்தானே செய்யும்.

"முதுகு எப்பிடியப்பா?"

"சொர்க்கம்."

சனிக்கிழமை மிதுனன் வந்தான். புதுப்பெண்சாதி லக்சிகாவும் நாலு பெட்டியும் பின்னால் வந்தன.

"ரிமோட் எங்கை அத்தான்?"

ராகுலன் முகத்தைச் செத்தவீட்டுக்குப் போகிறவன்போல வைத்துக்கொண்டான். "படுக்கத்தான் இடமில்லை மச்சான். பார், இந்த வாங்கு மட்டும்தான்."

"கொஞ்சம் எழும்புங்கோ," என்றாள் நிலாணி.

வாங்கின் பக்கவாட்டுக் கொளுக்கியைக் கழற்றி இழுத்தாள். இருக்கையும் முன்பலகையுமாகச் சேர்ந்து முன்னால் சரிந்து நிலத்தில் படிந்தன. வாங்கு மரப்பெட்டிக் கட்டிலாகிவிட்டது. உள்ளே மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் தயார்.

"முந்தி அயர்லாந்து ஊர்வீடுகளிலை அடுப்படிக்குள்ளை இப்பிடித்தானாம். பகலிலை வாங்கு, இரவிலை கட்டில். ஆர் வந்தாலும் இடமில்லை எண்ட கதையே இல்லையாம். மிஸிஸ் டோலன் எனக்குப் போனமாசமே திறந்து காட்டினவ."

ராகுலனுக்குக் கடைசியாக ஒரு வழி தெரிந்தது. "இதுக்குள்ளை ரெண்டுபேர் எப்பிடியப்பா படுக்கிறது?"

"ரெண்டுபேர் ஏன் படுக்கவேணும்? அவையளுக்கு எங்கடை அறை. நான் பிள்ளையின்ரை அறையிலை. முதுகுக்கு மரம் நல்லதெண்டு நீங்கள்தானே சொன்னியள்."